சிங்மன் ரீ வாங்கிய கையெழுத்து

உக்ரைன் போர் எப்படி முடியும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ‘கொரிய வழி’ என்று ஒன்றைச் சொல்கிறார்கள். படைகள் நிற்கும் கோட்டிலேயே சண்டை நிற்கட்டும். சமாதான உடன்படிக்கை பிறகு வரட்டும், வராமலே போனாலும் போகட்டும். அதுவரை மிஞ்சிய நாட்டுக்கு மேற்கு நாடுகள் காவல் நிற்கட்டும் என்பது அதன் சாரம். தென்கொரியா இன்று செழித்து நிற்பதைக் காட்டி நம்பிக்கை சொல்கிறார்கள். அந்தக் காவல் எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் யாரும் விரித்துச் சொல்வதில்லை.

அமெரிக்கா அதை மனமுவந்து கொடுக்கவில்லை. முடிந்தவரை தட்டிக்கழித்தது. கொடுக்கலாம் என்று முடிவெடுத்த அதே வாரங்களில், கேட்டவரைக் காவலில் வைத்து ஆட்சியை எடுத்துக்கொள்ளும் திட்டம் ஒன்றும் அதன் படைத் தலைமையகத்தில் தயாராக இருந்தது. கேட்டவர் 78 வயதான சிங்மன் ரீ, தென்கொரியாவின் முதல் ஜனாதிபதி. அவர் அதைப் பிடுங்கி வாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். பிடுங்கிய விதம் எல்லோரும் பாராட்டும்படியானதும் அல்ல.

கதை 1953-இல் தொடங்கவில்லை. 1882-இல் அன்றைய கொரிய அரசும் அமெரிக்காவும் நட்பு, வணிக ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. மேற்கத்திய நாடு ஒன்றுடன் கொரியா செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் அது. வேறு நாடுகள் இருவரில் ஒருவரிடம் அநியாயமாகவோ அடக்குமுறையாகவோ நடந்துகொண்டால், மற்றவர் நடுவில் நின்று இணக்கம் ஏற்பட நல்லெண்ண முயற்சி செய்வார் என்று அதன் முதல் ஷரத்து சொன்னது. அமெரிக்க ராஜதந்திரிகளுக்கு அது வழக்கமான மரியாதை வாசகம். கொரிய மன்னர் கோஜோங் அதை உயிர்க்காப்பாக எடுத்துக்கொண்டார்.

1905 ஆகஸ்ட் 4 அன்று நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டின் கோடைக்கால வீட்டுக்கு இரண்டு கொரியர்கள் வந்தார்கள். ஒருவர் பாதிரியார். இன்னொருவர் 30 வயது சிங்மன் ரீ. அரசியல் கைதியாகச் சில ஆண்டுகள் சிறையில் கிடந்து, அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியே வந்தவர். ஹவாய்த் தீவுக் கொரியர்களின் மனு அவர்கள் கையில் இருந்தது. ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே ரூஸ்வெல்ட் சமாதானம் பேசவிருக்கிறார். 1882 ஒப்பந்தத்தை நினைவில் வைத்து எங்கள் நாட்டின் சுதந்திரத்தைக் காப்பாற்றுங்கள் என்பதே மனு. ரூஸ்வெல்ட் அன்பாகப் பேசினார். உங்கள் தூதரகம் வழியாக முறைப்படி கொடுத்தால் கவனிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். வாஷிங்டனில் இருந்த கொரியத் தூதரகம் மனுவை அனுப்ப மறுத்துவிட்டது.

அந்த இளைஞருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. சில நாட்களுக்கு முன்புதான் ரூஸ்வெல்ட்டின் போர் அமைச்சர் டாஃப்ட், டோக்கியோவில் ஜப்பானியப் பிரதமர் கட்சுராவுடன் பேசி முடித்திருந்தார். பிலிப்பைன்ஸில் அமெரிக்காவுக்கு ஜப்பான் தொந்தரவு தராது. கொரியாவின் மேல் ஜப்பானின் பிடியை அமெரிக்கா ஏற்கும் என்று ஒரு புரிதல். இந்தப் பேச்சின் குறிப்பு 1924-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1905 நவம்பர் 17 அன்று கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. சியோலில் இருந்த தூதரகத்தை முதலில் மூடியது அமெரிக்காதான். 1910-இல் கொரியா என்ற நாடே வரைபடத்தில் இல்லை. அதே ஆண்டில் ரீ பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். நாடு போனபின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பெரும்பாலும் அமெரிக்காவில், அமெரிக்கக் கதவுகளைத் தட்டிக்கொண்டே காலம் தள்ளினார். 1953-இல் அவரோடு பேச வந்த அமெரிக்கர்களும் இந்த 1905 கதையைக் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்து நடந்தவையும் அவர் சந்தேகத்தையே வளர்த்தன. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் தறுவாயில், இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஓர் இரவில் ஒரு வரைபடத்தைப் பார்த்து 38-வது அட்சக்கோட்டில் கொரியாவை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கொரியரையும் கேட்கவில்லை. 1949 ஜூனில் அமெரிக்கத் துருப்புகள், சுமார் 500 ஆலோசகர்களை மட்டும் விட்டுவிட்டு வெளியேறின. பாதுகாப்பு ஒப்பந்தம் வேண்டும் என்று ரீ அப்போதே கேட்டார்; கிடைக்கவில்லை. 1950 ஜனவரி 12 அன்று வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சிசன், பசிபிக்கில் அமெரிக்கா காக்கும் எல்லை எதுவென்று வாஷிங்டனில் வெளிப்படையாகப் பேசினார். அலூஷியன் தீவுகள், ஜப்பான், ரியூக்யூ தீவுகள், பிலிப்பைன்ஸ் என்று அந்த எல்லை ஓடியது. கொரியா அதற்கு வெளியே கிடந்தது. ஜூன் 25 அன்று வடகொரியப் படை எல்லை தாண்டியது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது.

அமெரிக்கா திரும்பி வந்தது, ஐ.நா. கொடியின் கீழ் வந்தது. ஜூலையில் ரீ தன் படைகளின் கட்டளைப் பொறுப்பை ஒரு கடிதம் மூலம் ஐ.நா. படைத் தளபதி ஜெனரல் மக்ஆர்தரிடம் ஒப்படைத்தார். இன்சோன் தரையிறக்கம், சீனாவின் நுழைவு, சியோல் நான்கு முறை கைமாறியது எல்லாம் தெரிந்த கதை. 1951 ஜூலையில் போர்நிறுத்தப் பேச்சு தொடங்கியபோது படைகள் ஏறக்குறையத் தொடங்கிய கோட்டுக்கே வந்து சேர்ந்திருந்தன. அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் குன்றுகளுக்காகச் சண்டை நடந்தது. பேச்சு இழுத்ததற்கு முதன்மையான காரணம் போர்க்கைதிகள். ஊர் திரும்ப விரும்பாத கைதிகளை வலுக்கட்டாயமாக அனுப்பக்கூடாது என்றது அமெரிக்கா. அனுப்பியே ஆக வேண்டும் என்றன சீனாவும் வடகொரியாவும்.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியதில் இந்தியாவின் கையும் உண்டு. 1952 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற தீர்மானம் இந்தியப் பிரதிநிதி வி.கே. கிருஷ்ண மேனன் முன்னின்று கொண்டுவந்தது. திரும்ப மறுக்கும் கைதிகளை நடுநிலை நாடுகளின் குழு ஒன்றிடம் ஒப்படைப்பது என்ற யோசனை அதில் இருந்தது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். பேச்சு வேகமெடுத்தது. ஜூன் 8 அன்று கைதிகள் பற்றிய உடன்பாடு கையெழுத்தானது: குழுவுக்கு இந்தியா தலைமை, காவலுக்கு இந்தியச் சிப்பாய்கள்.

ஆக, போர் நிற்கப்போகிறது. உலகம் மூச்சுவிடுகிறது. ரீ மட்டும் கொதிக்கிறார்.

அவர் கணக்கு தெளிவானது. பத்து லட்சம் சீனத் துருப்புகள் கொரிய மண்ணில் இருக்கின்றன. யாலு ஆற்றுக்கு அப்பால் சீனா இருக்கிறது, இனியும் இருக்கும். அமெரிக்கர்கள் கப்பலேறினால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுவார்கள். கையில் எழுத்து இல்லாமல் போர்நிறுத்தம் வந்தால் அது 1949-இன் மறுபதிப்பு. ஏப்ரலிலேயே அவர் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு எழுதிவிட்டார்: பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் வேண்டும், இல்லாவிட்டால் என் படையை ஐ.நா. கட்டளையிலிருந்து விலக்கிக்கொண்டு தனியாக வடக்கே படையெடுப்பேன். ‘வடக்கு நோக்கி’ என்ற கோஷத்துடன் சியோல் தெருக்களில் தினமும் ஊர்வலம் போனது. பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள்.

அது வெறும் மிரட்டலா? பாதி மிரட்டல்தான். பெட்ரோலும் குண்டும் அமெரிக்கா கொடுக்காமல் தென்கொரியப் படை சில நாட்களுக்கு மேல் தாங்காது; ரீக்கும் அது தெரியும். ஆனால் மற்றப் பாதி நிஜம். அப்போது தென்கொரியப் படையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். போர்முனையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்தான். அவர்கள் ஒரு நாள் கட்டளையை மீறினால் நடுவில் சிக்குவது அமெரிக்கச் சிப்பாய்கள். போரை நிறுத்துவேன் என்று சொல்லி வாக்கு வாங்கி வந்த ஐசனோவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

மே மாதத்தில் அமெரிக்க எட்டாவது படையின் தளபதி மாக்ஸ்வெல் டெய்லரின் தலைமையகத்தில் ‘எவர்ரெடி’ என்று ஒரு திட்டம் எழுதப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து ரகசியம் நீங்கிய ஆவணங்களில் அது இருக்கிறது. தென்கொரியப் படை கட்டுக்கு மீறினால் எரிபொருளை நிறுத்துவது, ரேடியோவைக் கைப்பற்றுவது, தேவைப்பட்டால் ரீயைக் காவலில் வைத்து ஐ.நா. கட்டளையின் பெயரில் ராணுவ ஆட்சி நடத்துவது எல்லாம் அதில் உண்டு. மே மாதக் கடைசியில் வாஷிங்டனில் வெளியுறவுத் துறையும் முப்படைத் தலைமையும் கூடிப் பேசின. ரீயைத் தூக்குவதா, அவர் கேட்பதைக் கொடுப்பதா? கொடுப்பது என்று முடிவானது. கூட்டாளியின் அரசைக் கவிழ்த்துவிட்டு அந்த நாட்டின் சுதந்திரத்துக்காகப் போரிட்டோம் என்று சொல்ல முடியாது என்ற எண்ணமும், அதைவிட ஒப்பந்தம் மலிவு என்ற கணக்கும் அதில் இருந்தன.

ஜூன் 6 அன்று ஐசனோவர் ரீக்கு எழுதினார். ஒப்பந்தம் பேசத் தயார், உதவி தொடரும் என்றார். ஆனால் எல்லாம் போர்நிறுத்தம் ஆன பிறகு. அந்தப் ‘பிறகு’தான் ரீக்கு ஆகவில்லை. 1905-இலும் அவரைப் பிறகு வரச்சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஜூன் 18 அதிகாலை. புசான், மாசன், நோன்சான், குவாங்ஜு பக்கத்துக் கைதி முகாம்களில் விளக்குகள் அணைந்தன. வெளிவளையக் காவலில் நின்ற தென்கொரியச் சிப்பாய்கள் முள்வேலியை முன்பே வெட்டி வைத்திருந்தார்கள், வாயில்களைத் திறந்துவிட்டார்கள். ஓடுங்கள் என்று கைதிகளுக்கு ரகசியமாகச் சொல்லப்பட்டிருந்தது. வடக்கே திரும்ப மறுத்த கொரியக் கைதிகள் அவர்கள். இருட்டில் ஆயிரக்கணக்கில் வயல்களுக்குள் பாய்ந்தார்கள். பக்கத்துக் கிராமங்களில் போலீஸ்காரர்கள் காத்திருந்து வீடு வீடாகப் பிரித்து அனுப்பினார்கள். வீட்டுக்காரர்கள் சீருடையைக் களையச் சொல்லி மாற்றுத்துணி கொடுத்தார்கள், சோறு போட்டார்கள். விடிந்தபின் தேடி வந்த அமெரிக்கச் சிப்பாய்களால் யார் கைதி, யார் குடியானவர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சில நாட்களில் தப்பியவர் தொகை 27,000-ஐ எட்டியது. ஓடும்போது சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. பல பத்துப் பேர். அவர்களையும் இந்தக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு முதலில் விலை கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் உயிரை வைத்துப் பேரம் நடக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காலையில் ரீ அறிக்கை விட்டார்: என் பொறுப்பில், என் உத்தரவின்படி விடுவித்தேன். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. வாஷிங்டன் அதிர்ந்தது. போர்நிறுத்தப் பேச்சு நடந்த பான்முன்ஜோமில் எதிர்த்தரப்பு கேட்ட கேள்வி நியாயமானது: உங்கள் கூட்டாளியையே உங்களால் அடக்க முடியவில்லை, நீங்கள் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? பேச்சு ஜூலை 10 வரை நின்றுபோனது. அந்த இடைவெளியில்தான் ரீயின் நோக்கம் நிறைவேறியது. என்னைச் சேர்க்காமல் இந்தப் போரை முடிக்க முடியாது என்று ஓர் இரவில் எல்லோருக்கும் காட்டிவிட்டார்.

போர் தொடங்கி மூன்றாண்டு நிறைந்த ஜூன் 25 அன்று, வெளியுறவுத் துறையில் தூரகிழக்கைக் கவனித்த வால்டர் ராபர்ட்சன் சியோலில் வந்திறங்கினார். வர்ஜீனியா மாநிலத்துக்காரர், வங்கித் தொழிலில் இருந்து வந்தவர், பொறுமைசாலி. இரண்டு வாரத்துக்கும் மேலாக ஏறக்குறைய தினமும் ரீயின் மாளிகைக்குப் போனார். ரீ பேசினார், அவர் கேட்டார். ரீ கேட்டவை கொஞ்சமல்ல. போர்நிறுத்தத்துக்கு முன்பே ஒப்பந்தம் வேண்டும். படை 20 டிவிஷனாக வளர வேண்டும். பொருளாதார உதவி வேண்டும். போருக்குப்பின் நடக்கும் அரசியல் மாநாடு 90 நாளில் கொரியாவை ஒன்றிணைக்காவிட்டால் அமெரிக்கா மறுபடி போருக்கு வர வேண்டும். கடைசிக் கோரிக்கைக்கு மட்டும் ராபர்ட்சன் கடைசிவரை இசையவில்லை. 90 நாளுக்குப்பின் மாநாட்டை விட்டு வெளியேறலாம், போர் கிடையாது என்று அது கரைந்தது. மற்றவை கிடைத்தன: போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தம், 20 டிவிஷன், நீண்டகால உதவியின் முதல் தவணையாக 20 கோடி டாலர். பதிலுக்கு ரீ எழுதிக்கொடுத்தது ஒன்றுதான்: போர்நிறுத்தத்தில் கையெழுத்திட மாட்டேன், ஆனால் குறுக்கே நிற்கவும் மாட்டேன்.

ரீ குறுக்கே நின்ற வாரங்களுக்குச் சீனா தன் வழியில் பதில் சொன்னது. ஜூலை 13 அன்று கும்சோங் பகுதியில் பெருந்தாக்குதல் தொடங்கியது. குறிவைக்கப்பட்டவை தென்கொரிய டிவிஷன்கள். தனியாக வடக்கே போவேன் என்றவரின் படை தனியாக எவ்வளவு தாங்கும் என்று காட்டுவது போலிருந்தது அந்தத் தாக்குதல். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இரண்டு வாரத்தில் நிற்கவிருந்த போரில் மாண்டார்கள்.

இந்தியாவின் மேல் ரீக்கு இருந்த கோபத்தையும் இங்கே சொல்லிவிடலாம். நடுநிலை என்று யார் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. இந்தியாவின் 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவு 1950 முதல் கொரியாவில் காயம்பட்டவர்களுக்கு அறுவைசிகிச்சை செய்துகொண்டிருந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படையோடு தன் மருத்துவர்களையும் கூட்டிக்கொண்டு முன்சானில் வானிலிருந்து குதித்தவர். அதெல்லாம் இருந்தும், கைதிகளைக் காக்க வரும் இந்தியப் படை தன் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்று ரீ பிடிவாதமாக நின்றார். அந்தப் படையின் தலைவர் ஜெனரல் தோரட்டின் ஆட்களை இன்சோன் கடலிலிருந்து அமெரிக்க ஹெலிகாப்டர்களில் ஏற்றி நேராக ராணுவமற்ற பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் தைவானும் வேண்டாம் என்ற 88 கைதிகள் 1954 பிப்ரவரியில் இந்தியப் படையுடன் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள்.

1953 ஜூலை 27 காலை பத்து மணிக்குப் பான்முன்ஜோமில் அமெரிக்க ஜெனரல் ஹாரிசனும் வடகொரிய ஜெனரல் நாம் இல்லும் மூன்று மொழிகளில் இருந்த 18 பிரதிகளில் கையெழுத்திட்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை, கை குலுக்கவில்லை. இரவு பத்து மணிக்குப் பீரங்கிகள் ஓய்ந்தன. யாருடைய நாட்டில் போர் நடந்ததோ அந்தத் தென்கொரியாவின் கையெழுத்து அதில் இல்லை. அதே நாளில் படை அனுப்பிய 16 நாடுகளும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன: மறுபடி தாக்கினால் ஒன்றாக எதிர்ப்போம், அப்போது சண்டை கொரியாவுக்குள் மட்டும் அடங்காமலும் போகலாம். பிரிட்டன், பிரான்ஸ், கனடா, துருக்கி, எத்தியோப்பியா, கொலம்பியா எல்லாம் அதில் உண்டு. அந்த அறிக்கையை இன்று யாருக்கும் நினைவில்லை. அமெரிக்க ஒப்பந்தம் நிலைத்தது, அது நிலைக்கவில்லை. ஏன் என்பதை ஒப்பந்தத்தின் வாசகமே காட்டும்.

ஆகஸ்ட் 8 அன்று சியோலில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸும் தென்கொரிய வெளியுறவு அமைச்சர் பியோன் யங்-டேயும் முதல் ஒப்பம் இட்டார்கள். அக்டோபர் 1 அன்று வாஷிங்டனில் முறைப்படி கையெழுத்தானது. மொத்தம் ஆறு ஷரத்துகள். மூன்றாவது ஷரத்துதான் உயிர்நாடி என்று எல்லோரும் நினைப்பார்கள். ஒருவர் மீதான தாக்குதல் தன் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து என்று மற்றவர் ஏற்கிறார். அப்போது தன் அரசியல் சட்ட நடைமுறைகளின்படி செயல்படுவார். அவ்வளவுதான். உடனே படை வரும் என்று அதில் இல்லை. ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்று நேட்டோ ஒப்பந்தம் சொல்கிறதே, அந்த வரிகூட இல்லை. போருக்குப் போகும் அதிகாரத்தை வெளிநாட்டு ஒப்பந்தம் ஒன்றுக்கு அடகுவைக்க அமெரிக்க செனட் அந்நாளில் சம்மதித்திருக்காது என்று டல்லஸுக்குத் தெரியும். பிலிப்பைன்ஸுடனும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துடனும் 1951-இல் எழுதிய வாசகத்தையே எடுத்துப் போட்டார்.

செனட் அதற்கும் ஒரு பூட்டுப் போட்டது. வெளியிலிருந்து ஆயுதத் தாக்குதல் வந்தால் மட்டுமே உதவி; தென்கொரியாவின் ஆட்சிக்குள் சட்டப்படி வந்ததாக அமெரிக்கா ஏற்கும் நிலப்பரப்புக்கு மட்டுமே உதவி. ரீ வடக்கே படையெடுத்தால் அது அவர் பாடு. 1954 நவம்பர் 17 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 49 ஆண்டுகளுக்கு முன் அதே நவம்பர் 17 அன்றுதான் கொரியா ஜப்பானிடம் போனது. அன்றே கையெழுத்தான இன்னொரு ஆவணத்தில், நாட்டைக் காக்கும் பொறுப்பு ஐ.நா. கட்டளையிடம் இருக்கும்வரை தன் படைகளை அதன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க ரீ ஒப்புக்கொண்டார். அமெரிக்கா கொடுத்த காவல் ரீயையும் சேர்த்துக் கட்டியது. வடக்கு தெற்கைத் தாக்காமலும், தெற்கு வடக்கைத் தாக்காமலும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பாதுகாப்பு உத்தரவாதம் கேட்கும் எந்த நாடும் இந்த இரண்டாவது பாதியைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னொரு நாடு நமக்காகச் சாக ஒப்புக்கொண்டால், நாம் எப்போது போருக்குப் போகலாம் என்று சொல்லும் உரிமையையும் அது எடுத்துக்கொள்ளும்.

என் பார்வையில் ஒப்பந்தத்தின் உயிர் நான்காவது ஷரத்தில் இருக்கிறது. அமெரிக்கா தன் தரை, கடல், வான் படைகளைக் கொரிய மண்ணிலும் அதைச் சுற்றியும் நிறுத்தும் உரிமையைக் கொரியா கொடுக்கிறது, அமெரிக்கா ஏற்கிறது. கடமை இல்லை, உரிமைதான். ஆனால் அந்த உரிமையை வைத்து அமெரிக்கத் துருப்புகள் சியோலுக்கு வடக்கே, படையெடுப்பு வரும் பாதையிலேயே முகாம் போட்டன. மூன்றாவது ஷரத்தின் தெளிவின்மையை அந்த முகாம்கள் இல்லாமல் செய்துவிட்டன. வடக்கிலிருந்து யார் இறங்கினாலும் முதல் மணி நேரத்திலேயே அமெரிக்கர்கள் சாவார்கள். அதன் பிறகு எந்த அரசியல் சட்ட நடைமுறையும் வாஷிங்டனை ஒதுங்கவிடாது. 16 நாடுகளின் அறிக்கையில் இல்லாதது இதுதான். 1939-இல் பிரிட்டன் போலந்துக்குக் கொடுத்த வாக்கிலும் இது இல்லை. சொன்னபடி போர்ப்பிரகடனம் செய்தார்கள். போலந்து மண்ணில் ஒரு பிரிட்டிஷ் பட்டாளம்கூட இருக்கவில்லை. நாடு ஐந்து வாரத்தில் முடிந்துபோனது.

அந்த முகாம்கள் எப்படி வேலை செய்தன என்பதை ஒரு மரத்தை வைத்துச் சொல்லலாம். பான்முன்ஜோமின் கூட்டுக் காவல் பகுதியில், ஒரு காவல் சாவடியை இன்னொன்றின் பார்வையிலிருந்து மறைத்துக்கொண்டு ஒரு பாப்லர் மரம் நின்றது. 1976 ஆகஸ்ட் 18 அன்று அதன் கிளைகளைக் கழிக்கப் போனவர்களை வடகொரியச் சிப்பாய்கள் தடுத்தார்கள். கைகலப்பில் இரண்டு அமெரிக்க அதிகாரிகள் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மூன்றாம் நாள் அமெரிக்கப் பொறியாளர்கள் இயந்திர ரம்பங்களோடு திரும்ப வந்தார்கள். தலைக்குமேல் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன. ‘மிட்வே’ விமானந்தாங்கிக் கப்பல் கடலில் நின்றது. பின்னால் முழுப் படையும் உஷார் நிலையில் இருந்தது. மரத்தை வெட்டிவிட்டுப் போனார்கள். வடக்கு ஒரு குண்டுகூடச் சுடவில்லை. வடகொரியத் தலைவர் கிம் இல்-சுங் வருத்தம் தெரிவித்தார்.

இருந்தும் தென்கொரியத் தலைவர்கள் ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை. 1971-இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் ஒரு டிவிஷனை, சுமார் 20,000 பேரை, திரும்ப அழைத்துக்கொண்டார். பயந்துபோன ஜனாதிபதி பார்க் சுங்-ஹீ ரகசியமாக அணுகுண்டு முயற்சியில் இறங்கினார். அமெரிக்கா நெருக்கிக் கைவிடச் செய்தது. 1977-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் தரைப்படை முழுவதையும் விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தார். இரண்டு ஆண்டுகளில் அந்த முடிவும் கிடப்பில் போனது. எழுத்தில் இருந்த ஒப்பந்தம் இந்த ஆண்டுகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. துருப்புகளின் எண்ணிக்கை ஏறி இறங்கியபோதெல்லாம் சியோலின் நாடித்துடிப்பு ஏறி இறங்கியது. இன்று சுமார் 28,500 பேர் இருக்கிறார்கள்.

இன்னொரு செலவு தென்கொரிய மக்களின் கணக்கில் எழுதப்பட்டது. வெளியிலிருந்து வரும் படையிடமிருந்து காத்த ஒப்பந்தம், உள்ளே அமர்ந்திருந்த சர்வாதிகாரிகளிடமிருந்து யாரையும் காக்கவில்லை. ரீ தேர்தலைத் திருடினார். 1960 ஏப்ரலில் மாணவர்கள் ரத்தம் சிந்தித்தான் அவரை இறக்கினார்கள். 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் தன் மக்களையே சுட்டது. கூட்டுக் கட்டளையின் கீழிருந்த 20-வது டிவிஷனை அங்கே அனுப்ப அமெரிக்கத் தளபதி ஆட்சேபம் சொல்லவில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. தென்கொரியாவில் ஜனநாயகத்தைக் கொண்டுவந்தவர்கள் அந்த நாட்டுத் தொழிலாளர்களும் மாணவர்களும்தான். ஒப்பந்தம் அவர்களுக்குக் கொடுத்தது காலம் மட்டுமே.

உக்ரைனுக்கு வருவோம். 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் அதன் எல்லைகளை மதிப்பதாக எழுதிக்கொடுத்தன. அதை நம்பி உக்ரைன் தன் மண்ணில் இருந்த சோவியத் அணு ஆயுதங்களை 1996-க்குள் ஒப்படைத்தது. 2014-இல் கிரைமியா போனது; 2022 பிப்ரவரி 24 அன்று முழுப்போர் வந்தது. அந்தத் தாள் 1882 ஒப்பந்தத்தின் ரகம். 2024 ஜனவரியில் பிரிட்டனுடனும், ஜூனில் அமெரிக்காவுடனும் கீவ் செய்துகொண்ட பத்தாண்டு உடன்பாடுகள் மேலும் ஒருபடி போகின்றன: மறுபடி தாக்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் கூடிப் பேசுவோம் என்கின்றன. கொரிய ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்தும் கலந்துபேசுவதைப் பற்றியதுதான். நான்காவது ஷரத்து மட்டும் உக்ரைனிடம் இன்னும் இல்லை.

ரீக்கு இருந்த பிடிகளும் உக்ரைன் ஜனாதிபதி ஸெலன்ஸ்கிக்கு இல்லை. ரீ பேரம் பேசியபோது அமெரிக்கர்கள் ஏற்கனவே அவர் நாட்டுப் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். போகவேண்டுமானால் அவர் தயவு வேண்டியிருந்தது. உக்ரைனியர்கள் தனியாகச் சாகிறார்கள். உடன் நின்று சாகும் கூட்டாளி அரசு இல்லை. எதிரே நிற்பது அணு ஆயுத வல்லரசு. 1953-இல் சீனாவிடம் அணுகுண்டு கிடையாது.

2025-இல் பிரிட்டனும் பிரான்சும் முன்னின்று, விருப்பமுள்ள நாடுகளின் படை ஒன்றை உக்ரைன் மண்ணில் நிறுத்துவது பற்றிப் பேசத் தொடங்கின. செப்டம்பரில் பாரிஸில் நடந்த கூட்டத்துக்குப்பின் 26 நாடுகள் பங்களிக்கத் தயார் என்று பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் அறிவித்தார். நான்காவது ஷரத்தின் திசையில் வைக்கப்பட்ட உண்மையான அடி அது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் படையும் போர்நிறுத்தம் ஆன பிறகுதான் வரும் என்கிறார்கள். ஐசனோவரும் ஜூன் 6 கடிதத்தில் அதையே சொன்னார். அந்த நிபந்தனை அன்று ரீயைப் போர்நிறுத்தத்தைக் கெடுக்கத் தூண்டியது. இன்று அது கெடுக்கும் சாவியை மாஸ்கோவின் கையில் கொடுக்கிறது. மேற்குப் படை உக்ரைனுக்குள் வரக்கூடாது என்று ரஷ்யா வெளிப்படையாகவே சொல்கிறது; போர் நின்றால்தான் அந்தப் படை வரும் என்றால், போரை நிறுத்தாமல் இருக்க அதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடுகிறது. படை முதலில் வரட்டும், சிறிதாகவேனும், போர்முனைக்குத் தொலைவில் மேற்கு உக்ரைனிலாவது வந்து நிற்கட்டும் என்று கீவும் சில ஐரோப்பியக் குரல்களும் கேட்பது இதனால்தான். அதற்கு எந்த நாட்டு நாடாளுமன்றம் முதலில் கை தூக்கும் என்பதில்தான் பேச்சு நின்றுபோகிறது.